மீதி நேரம்: ஓய்வு

என் கணவர் தன் வாழ்க்கையை ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறார். படமோ நிறமோ மணியோசையோ உள்ள செயலி அல்ல அது. வெறும் எழுத்து. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி, அதன் கீழே தொடங்கிய நேரம், முடித்த நேரம், அவ்வளவுதான். "வெறும் எழுத்து எண்டபடியா ஐம்பது வருசத்துக்குப் பிறகும் திறக்கலாம்" என்று பெருமையாகச் சொல்வார். ஐம்பது வருடத்துக்குப் பிறகு, இவர் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு கோப்பை கழுவிய செய்தியை அறிய யார் காத்திருக்கப் போகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவர். படித்தவர்களை எடுத்தெறிந்து கதைக்கக் கூடாது.

வேலையைத் தொடங்கும்போது ஒரு விசையை அழுத்தினால் கடிகாரம் ஓடத் தொடங்கும், முடிந்ததும் நிறுத்த வேண்டும் என்பது அந்தக் கோப்பின் விதி. நல்ல விதிதான். இவருக்கு அழுத்த ஞாபகம் வராது. ஆகவே ஞாயிறு காலையில், நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணீரோடு பல்கனியில் உட்கார்ந்து, போன கிழமை முழுவதையும் ஞாபகத்திலிருந்து எழுதுவார். கடற்கரைப் பக்கம் ரயில் கடகடத்துப் போகும் நேரம் கண்ணை மூடி யோசிப்பார். திறந்ததும் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் என்று அளந்து வெட்டிய கேக் துண்டுகள் மாதிரி வந்து விழும். அந்த மென்பொருளில் இன்னொரு வசதியும் உண்டு. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க இவர் எழுந்து போய்விட்டால், திரும்பி வந்ததும், "இவ்வளவு நேரம் நீங்கள் இங்கே இல்லையே, கணக்கில் வைக்கவா, கழிக்கவா?" என்று பணிவாகக் கேட்கும். இவர் ஒரு நாளாவது கழித்ததை நான் காணவில்லை.

இதெல்லாம் எனக்குப் பகிடியாகத்தான் இருந்தது, என் வேலைக் கதை வரும்வரை.

கொட்டாஞ்சேனையில் சரக்குகளைத் துறைமுகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு அலுவலகத்தில், கிழமைக்கு மூன்று நாள், அரை நாள் வேலை பார்த்துவந்தேன். பத்திரங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஒரு எழுத்துப் பிழைத்தாலும் ஒருகொடவத்தைச் சுங்க முற்றத்தில் கொள்கலன் நாட்கணக்கில் நிற்கும், நிற்கிற நாளுக்கெல்லாம் கட்டணம் ஏறும். பிழை பிடிப்பதில் நான் கெட்டிக்காரி. எங்கள் முதலாளி, மூன்று தலைமுறையாகக் கொழும்பில் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்தவர், ஒருநாள் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"மிஸ், வாற மாசம் தொடக்கம் முழு நாளும் வாங்க. டொக்கியுமெண்ட் வேல முழுக்க ஒங்கட கையில தாறன். மாசம் முடியுற திங்கக்கெழமைக்குள்ள சொல்லுங்க, இல்லாட்டி நான் வேற ஆள் பாக்கணும்."

எனக்கு அந்த வேலை வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் அல்ல. அங்கே நான் ஒரு பிழையைப் பிடித்தால், "மிஸ் பிடிச்சாங்க" என்று நாலு பேர் சொல்கிறார்கள். வீட்டில் நான் பிடிக்கும் பிழைகளுக்கு வேறு பெயர் இருக்கிறது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னேன். கணவர் முகத்தில் அக்கறை பொங்கி வழிந்தது.

"உமக்குத்தான் கஷ்டம். எங்கை நேரம்? நானும் இஞ்சை மூச்சுவிட நேரமில்லாமல் கிடக்கிறன். பிள்ளையை ஆர் பாக்கிறது?"

"ஒரு வழி பண்ணலாம்தானே."

"சும்மா உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. ஒரு மாசம் ரெண்டு பேரின்ரை நேரத்தையும் எழுதுவம். டேட்டாவைப் பாத்துப்போட்டு முடிவெடுப்பம்."

எனக்கு எழுத நேரமில்லை என்றேன். அதற்கென்ன, உம்முடையதையும் நானே எழுதிவிடுகிறேன் என்றார். எவ்வளவு பெருந்தன்மை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு இருக்கும் மனிதர், கதவுக்கு வெளியே நான் என்ன செய்கிறேன் என்பதை, கிழமை முடிந்தபின் ஞாபகத்திலிருந்து எழுதப் போகிறார். சரி என்று தலையாட்டினேன். பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியதில் தலையாட்ட நன்றாகப் பழகியிருந்தேன்.

மாதம் ஓடியது. கடைசி ஞாயிறுக்கு முதல் நாள், சனி பின்னேரம், அவர் தலைமயிர் வெட்டப் போயிருந்தார். மடிக்கணினி மேசையில் திறந்தபடி இருந்தது. உட்கார்ந்து படித்தேன்.

அவருடைய பக்கத்தைப் படிக்கவே களைப்பாக இருந்தது. பிள்ளையின் ரியூஷன் பற்றி ஆலோசனை, ஒரு மணித்தியாலம். சமையலில் உதவி, ஒன்றரை மணித்தியாலம். அது குசினி வாசலில் சாய்ந்துகொண்டு, கொம்பனியில் தன்னோடு வேலை செய்கிறவனைப் பற்றி எனக்குச் சொன்ன கதை. நான் வெங்காயம் வெட்டினேன், அவர் கதைத்தார், இருவரும் சமைத்தோம். ஒரு புதன்கிழமையைக் கூட்டிப் பார்த்தால் கடவுள் கொடுத்த மணித்தியாலங்களை விட அதிகமாக வந்தது. இன்னொரு நாளில், ஆட்டிறைச்சி வாங்கச் சந்தைக்குப் போனதாக எழுதியிருந்தார். அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. கொழும்பு முழுக்க இறைச்சிக் கடைகள் இழுத்துப் பூட்டிக் கிடந்த நாள். எங்கள் வீட்டில் அன்று பருப்பும் கத்தரிக்காயும்.

பிறகு என் பக்கம். அதைப் படிக்கக் கனநேரம் எடுக்கவில்லை.

"சமையல், 45 நிமிடம். பிள்ளையின் படிப்பு, 30 நிமிடம். மீதி நேரம்: ஓய்வு." அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. அலுவலகம் போன நாட்களில் மட்டும் நடுவில் அலுவலகம் என்று ஒரு வரி. ஒரு நாளை எழுதி மாதம் முழுக்க ஒட்டியிருந்தார். சராசரி கூடப் போட்டிருந்தார். எனக்குப் பகல் பொழுதில் மட்டும் நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் ஓய்வாம்.

காஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பொடியனை "மல்லி, மல்லி" என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லிக் கெஞ்சி, லிஃப்ட் வேலை செய்யாத நாளில் நாலாம் மாடிக்கு ஏற்றுவித்தது எந்த ஓய்வில்? பள்ளிக்கூட வான்காரரோடு சண்டை பிடித்தது, வெள்ளைச் சீருடையில் மாம்பழக் கறையைக் கல்லில் தேய்த்தது, தண்ணீர்த் தொட்டி கழுவ வராத ஆளுக்கு நாள் முழுக்கப் போன் அடித்தது? விரலை விசையில் வைத்துவிட்டேன். ஒவ்வொன்றாகத் திருத்தப் போனேன். போயாவில் தொடங்கலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கை நின்றது. இவ்வளவு வேலையையும் நான் எழுதி நிரப்பினால், நாளைக்கு அவர் என்ன சொல்வார்? "பாரும், உமக்கு எங்கை நேரம்?" என்பார். அக்கறை இன்னும் பொங்கும். நான் அந்தக் கோப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்தேன். போயா ஆட்டிறைச்சியைக்கூடத் தொடவில்லை. அவருடைய பொய்யை நானே பாதுகாக்க வேண்டிய நிலை.

ஞாயிறு காலை அவர் அட்டவணையைத் திருப்பிக் காட்டினார். தன் நெருக்கடியை விளக்கினார். நான் பொறுமையாகக் கேட்டேன்.

"இதிலை ஒண்டும் பிழை இல்லையே?"

"இல்லை. ஒண்டும் விடாமல் எழுதினனான்."

"என்ரை பக்கமும்?"

"உம்மடையும்தான். நியாயமா எழுதியிருக்கிறன்."

"அப்ப எனக்கு நாளுக்கு ஆறு மணித்தியாலம் சும்மா கிடக்கு. உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. சும்மா இருக்கிற ஆள் முழு நாளும் வேலைக்குப் போறதுதானே நியாயம்."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"அது வந்து... உம்மடை வேலை எல்லாம் இதிலை வரேல்லை. எவ்வளவோ இருக்கு."

"ஓமோ? என்ன விடுபட்டது எண்டு சொல்லுங்கோ. இப்பவே எழுதுவம்."

மடிக்கணினியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"சமையல்" என்றார்.

"அது கிடக்கு."

"பிள்ளையின்ரை படிப்பு."

"அதுவும் கிடக்கு."

"உடுப்புத் தோய்க்கிறது." அதை எழுதினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பல்கனியைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "பூச்சட்டிக்குத் தண்ணி ஊத்திறது."

"அந்தச் செடி பட்டுப்போய் ரெண்டு மாசம்."

அவர் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். நிறைய யோசித்தார், அது தெரிந்தது. உண்மையாகவே தேடினார், கிடைக்கவில்லை.

நான் இந்தக் கட்டத்தில் சிரிப்பேன் என்றுதான் முதல் நாள் இரவெல்லாம் நினைத்திருந்தேன். சிரிப்பு வரவில்லை. அவர் வேண்டுமென்று மறைக்கவில்லை, அவருக்குத் தெரியவே தெரியாது என்பது விளங்கியதும் அழுகைதான் வந்தது. ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவர் என்னை ஏமாற்றியிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்க மாட்டேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

"அப்ப வீட்டை ஆர் பாக்கிறது?" என்று மெல்லக் கேட்டார்.

"முக்கால் மணித்தியாலமும் அரை மணித்தியாலமும்தானே" என்றேன். "எழுதி வைச்சிருக்கிறியள்."

திங்கட்கிழமை முதலாளியிடம் ஓம் என்றேன். "நல்லம் மிஸ்" என்று சொல்லிவிட்டு, அன்றைய பத்திரக் கட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முழு நாள் வேலையின் முதல் நாள், பின்னேரம் மருதானையில் பஸ் நகராமல் நின்றது. வீடு வந்து சேர இருட்டிவிட்டது. கதவைத் திறந்தால் ஒரு தீய்ந்த மணம். மகள் சீருடை மாற்றாமல் உட்கார்ந்து பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கழுவும் தொட்டியில் நான் அறியாத சட்டிகளெல்லாம் கிடந்தன. என் கணவர் ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அடுத்த நாள் சீருடையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார், ஒரு மடிப்பை எடுக்க மூன்று மடிப்பு விழுந்தது.

மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. அடியில் ஒரு வரி: சமையல். பக்கத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவர் ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. தொடங்கிய நேரத்தின்படி, விடிய எழும்பியபோதே விசையை அழுத்தியிருக்கிறார், அது பகல் முழுக்க ஓடி இன்னும் நிற்கவில்லை.

"இதை நிப்பாட்டேல்லையே?" என்று கேட்டேன்.

அவர் அயன் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னும் முடியேல்லை" என்றார்.

நான் கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு மேசை முன் உட்கார்ந்தேன். என் பக்கத்தைத் தேடி எடுத்து, அன்றைய நாளை எழுதினேன். அலுவலகம். மீதி நேரம்: ஓய்வு. அவருடைய கடிகாரத்தை நான் தொடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பல்கனியில் காலை நீட்டி இருந்தபடி, எனக்கொரு தேத்தண்ணி என்று உள்ளே பார்த்துச் சொன்னேன்.