வெய்மாரின் காது

வெய்மார் அகுதேலோவுக்கு நாற்பத்தெட்டு வயது. மெதெயின் நகரில் ஜீன்ஸ் தைக்கும் ஆலையில் துணி வெட்டுகிறவர். மனைவி போய்விட்டாள், முன்பற்கள் இரண்டும் போய்விட்டன. மிச்சம் இருந்தது காது ஒன்றுதான். கஸ்தியா பேட்டையில் மெட்டல் இசை கேட்கிற நாங்கள் எல்லோரும் அவரை வாத்தியார் என்போம்; அந்தக் காதுக்குப் பயந்தோம். எந்த டெத் மெட்டல் பதிவைப் போட்டாலும், அடிப்பது எந்த டிரம்மர் என்று பத்து விநாடியில் சொல்லிவிடுவார். ஒரே சுரம் அரைமணி நேரம் அசையாமல் நிற்கிற டிரோன் இசையில், நாங்கள் கொட்டாவி விடுகிற இடத்தில் அவர் கண் கலங்கும்.

சனிக்கிழமை மதியங்களில் ஃபெர்னேயின் இசைத்தட்டுக் கடையில் கூடுவோம். இசைக்குழுவின் பெயர் போட்ட சட்டையோடு புதிதாக யார் வந்தாலும் வெய்மார் மூன்று கேள்வி கேட்பார். ஒன்று தப்பினாலும் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெற்றுடம்போடு வீட்டுக்குப் போக வேண்டும். பெண்களுக்குச் சலுகை: கழிப்பறைக்குப் போய் உள்பக்கம் வெளியே தெரியும்படி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தால் போதும். பதினேழு வயதில் நான் அப்படி வந்து நின்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அடுத்த தடவை பூப்போட்ட சட்டை போட்டுட்டு வாம்மா," என்றார் வெய்மார்.

பிறகு ஐந்து வருடம் ஐரோப்பாவில் பாத்திரம் கழுவி, ரயில் நிலையங்களில் தூங்கிவிட்டுத் திரும்பினேன். வந்த வாரமே ஃபெர்னே கேட்டான்: "மோனா, வாத்தியாரைக் கவுக்கலாமா? நீ குடுத்தா நம்புவாரு."

அவன் சித்தப்பாவுக்கு இறைச்சிக் கடை. அங்கே குளிரறையில், தொங்கும் மாட்டுத் தொடைகளுக்கு நடுவே பதிவுக் கருவியோடு அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். குளிர்பதன மோட்டார் உறுமியது, அவ்வளவுதான். கேசட்டில் ஏற்றினோம். போலந்தில் சுரங்க ஊர் ஒன்றில் தனியாக வாழ்கிறவன் செய்தது, உலகத்தில் இருபதே பிரதி என்று சொல்லி வெய்மாரிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஜெராக்ஸ் எடுத்து அவர் நடத்துகிற இசைப் பத்திரிகை பத்து நாளில் வந்தது. இரண்டு பக்கம் அந்தக் கேசட்டைப் பற்றியே. 'உறுமலுக்கு அடியில் ஓர் ஆள் இருக்கிறது. குளிரில் வாயைத் திறக்காமல் முனகுகிறது. பெண் என்று நினைக்கிறேன்.'

அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். குளிர் தாங்காமல் அன்று நான் முனகிக்கொண்டுதான் இருந்தேன். பதிவில் எனக்கே அது கேட்கவில்லை.

ஃபெர்னேயிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை இருபது பேர் வந்திருந்தார்கள். ஃபெர்னே இரண்டு பக்கத்தையும் உரக்கப் படித்துவிட்டு, ஏப்ரனோடு காத்திருந்த சித்தப்பாவை முன்னால் தள்ளினான்.

"அது நம்ம கடை மோட்டாருப்பா," என்றார் அவர். "போன மாசந்தான் பெல்ட்டு மாத்துனேன். இவ்வளவு நல்லாப் பாடும்னு தெரிஞ்சிருந்தா மாத்தியிருக்க மாட்டேன்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. வெய்மார் என்னைப் பார்த்தார்.

"மோனா, மோட்டாராவே இருக்கட்டும். உள்ள யாரோ இருந்தாங்க. முனகுனது யாரு?"

"மாடு, வாத்தியாரே," என்றான் ஃபெர்னே. "செத்தும் வலி போகல போல."

அவர் அவன் பக்கம் திரும்பவில்லை. "நீ சொல்லும்மா. என் காது பொய் சொல்லாது. இருந்துச்சா, இல்லையா?"

இருபது பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும்.

"இல்ல," என்றேன். "கருவிய வச்சுட்டு நான் வெளிய வந்துட்டேன். உள்ள ஒருத்தரும் இல்ல."

யாரும் கேட்பதற்கு முன்பே அவர் சட்டையைக் கழற்றினார். வயிற்றில் பழைய அறுவைத் தழும்பு, தொங்கிய மார்பு. சட்டையை மடித்து மேசைமேல் வைத்தார். துணி வெட்டுகிறவர், மடிப்பு நேராக இருந்தது. யாரோ விசிலடித்தார்கள். கொளுத்தும் வெயிலில் மேட்டுப் படிகளில் ஏறிப் போனார்.

பத்திரிகை நின்றது. கடைப்பக்கம் அவர் வரவேயில்லை. ஆறு மாதம் கழித்துப் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இப்ப என்ன பாட்டு கேக்குறீங்க?" என்றேன்.

"ஒண்ணும் கேக்குறதில்லம்மா. எது நெசமாக் கேக்குது, எது நானா நெனைச்சுக்குறதுன்னு பிரிக்கத் தெரியல. தட்டு, கேசட்டு எல்லாத்தையும் வித்துட்டேன். நல்லவேளை நீ உள்ளதச் சொன்ன," என்றார்.

என் நிறுத்தம் வந்தது. இறங்கிக்கொண்டேன்.