வாரிக்கரைச் சர்வே கல்

கவுன்சிலர் ஆவதற்கு முன்னால் மழை வருகிறதென்றால் மாடியில் காயும் துணிதான் எனக்கு நினைவுக்கு வரும். இப்போது கிழக்கே கொஞ்சம் இருட்டினாலே வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்க்கிறேன். டிவியில் வானிலை வாசிக்கிற பெண் ‘புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களில்’ என்று ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றிவிடுவார். எனக்கு பி.பி. மாத்திரை வாங்கிவருகிறவர் அவர்தான்.

எங்களுடையது திருமயத்துப் பக்கம் ஒரு சின்னப் பேரூராட்சி. எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஆனதும், தையல் கடை வைத்திருந்த என்னைப் பிடித்து நிற்கவைத்தார்கள். வார்டில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அளவு எனக்கு மனப்பாடம், அதனால் ஓட்டு விழும் என்று கணக்கு. விழுந்தது. கவுன்சிலர் என்றால் கையில் பெரிய அதிகாரம் இருக்கும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். உள்ளபடி என் கையில் இருப்பது ஒரு போன். தெருவிளக்கு எரியவில்லை, நாய் துரத்துகிறது, தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் கலங்கல், வீட்டு வரியை எதற்கு ஏற்றினீர்கள், எல்லாம் அந்தப் போனுக்கு வரும். மாதக் கூட்டத்தில் எழுந்து கேட்டால், “நிதி வந்ததும் பாப்போம்மா” என்பார் செயல் அலுவலர். டீயும் மிக்சரும் மட்டும் நிதிக்குக் காத்திருக்காமல் வந்துவிடும்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது எங்கள் வாரி. மேட்டுக்காட்டில் பெய்கிற மழை கண்மாய்க்குப் போய்ச் சேருகிற வாய்க்காலைத்தான் வாரி என்கிறோம். எங்கள் வார்டின் நடுவாக வருகிறது. வருகிறது என்று சொல்வதே மரியாதைக்குத்தான். ஒரு பக்கம் குப்பை, ஒரு பக்கம் கட்டட இடிசல், வளைவு திரும்புகிற இடத்தில் ஒரு காம்பவுண்டு சுவர். வாரியின் பாதி அகலத்தை அந்தச் சுவர் உள்ளே எடுத்துக்கொண்டிருந்தது. மழை வலுத்தால் தண்ணீர் அந்த வளைவில் முட்டித் திரும்பி, பள்ளத்துக் கடைசி வீட்டுக்குள் போய்விடும்.

அந்த வீட்டில் ஒருத்தி, இரண்டு பெண்பிள்ளைகளோடு இருக்கிறாள். புருஷன் குவைத்தில் டிரைவர். போன ஐப்பசியில் முழங்கால் அளவுத் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தி, பிள்ளைகளை அதன்மேல் உட்காரவைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் போட்டாள். நான் போய்ப் பார்த்தேன். அரிசி டிரம் மிதந்ததோ ஃபிரிட்ஜ் கெட்டதோ எனக்குப் பெரிதாகப் படவில்லை. பின்பக்கச் சுவர் மண்சுவர். மேலே சிமெண்டு பூசி மறைத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் பூச்சு உரிந்து உள்ளே மண் புட்டு மாதிரி உதிர்ந்தது. கொத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு, “இன்னொரு மழைக்குத் தாங்காதுங்க” என்றார். அந்தச் சுவரை ஒட்டித்தான் மூன்று பேரும் படுக்கிறார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

மழை விட்டதும் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து சர்வேயரைக் கூட்டிவந்தேன். அவர் சங்கிலி பிடித்து அளந்து, வாரியின் தெருப்பக்கக் கரையில் ஒரு கல் நட்டார். அந்தக் கல்லிலிருந்து எதிர்ப்பக்கம் அளந்தால் மறுகரை சுவருக்கு உள்ளே போய் விழுந்தது. சுவருக்குச் சொந்தக்காரர் அரிசி மண்டி வைத்திருந்து பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக இருக்கிறவர். என்னை ‘ஆத்தா’ என்றுதான் கூப்பிடுவார். “நான் எடத்த வாங்கயிலேயே சொவரு இருந்துச்சு ஆத்தா” என்றார். இரண்டு நாளில் கல்லைக் காணோம். கேட்டால், மாடு முட்டிவிட்டது என்றார்கள். சிமெண்டு போட்டு இறுக்கிய கல்லைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாடு எங்கள் ஊரில் எந்த வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுபடி நடந்தேன், மறுபடி சர்வேயர் வந்தார், மறுபடி கல் நட்டார். இந்தக் கல்லையாவது யாராவது பத்திரமாக வைத்திருக்க வேண்டுமே என்று தினம் ஒரு தடவை அந்தப் பக்கம் நடந்து பார்த்துவிட்டு வருவேன். ஒருநாள் காலையில் போனால் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே அரளிப்பூ செருகியிருந்தது. யாரோ விளையாட்டுக்குச் செய்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்தது. அதற்கடுத்த வாரம் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. தெருவில் ஒரு பெண்ணுக்கு வரன் கூடிவந்தது. அவள் அம்மா கல்லுக்குத் தேங்காய் உடைத்தாள். அதோடு கல் போய் அம்மன் ஆகிவிட்டது.

எல்லாரையும்விட மண்டிக்காரருக்குத்தான் பக்தி முற்றியது. தகரக் கொட்டகை போட்டார், தன் வீட்டிலிருந்து வயர் இழுத்து பல்பு மாட்டினார். கல்லாக இருந்தவரைக்கும் ஆகாதது, சாமி ஆனதும் அவருக்கு வேண்டியதாகிவிட்டது. காரணம் எனக்கு ஆவணியில்தான் புரிந்தது. இங்கே கெஞ்சி அங்கே கெஞ்சி வாரி தூர்வார உத்தரவு வாங்கிவிட்டேன். சுவரைத் தொட்டால் அவர் கோர்ட்டுக்குப் போவார், அதனால் சுவரை விட்டுவிட்டு மற்றதை வெட்டலாம் என்று செயல் அலுவலர் சொன்னார். சரி, பாதியாவது வெட்டட்டும் என்று பொக்லைனை வரவழைத்தேன். வண்டி வாரிக்குள் இறங்க வளைவில் ஒரே வழி. ஒரு பக்கம் கரண்டு கம்பம், ஒரு பக்கம் சுவர், நடுவில் சாமி. டிரைவர் இறங்கிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். திரும்ப ஏறி வண்டியை ரிவர்ஸ் எடுத்தார்.

“அண்ணே, அது சர்வே கல்லு” என்றேன்.

“இருக்கட்டும்மா. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு” என்றார். மெஷின் உள்ளே இறங்காதவரைக்கும் சுவருக்கு ஆபத்தில்லை என்பதுதான் மண்டிக்காரரின் கணக்கு.

அன்று மத்தியானம் பள்ளத்து வீட்டுக்காரி என் கடைக்கு வந்தாள். தையல் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அக்கா, மஞ்ச பூசுனது நாந்தாங்க.”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“மொதக் கல்லு மாதிரி இதையும் பிடுங்கிட்டாங்கன்னா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு. சாமின்னா ஒருத்தரும் கை வைக்கமாட்டாங்கல்ல. அதான் விடியறதுக்குள்ள போயி பூசுனேன். துணிய மத்தவங்க சுத்துனாங்க. கொட்டகைய அவுக போட்டாங்க. இம்புட்டு தூரம் போகும்னு நான் நெனைக்கலக்கா.”

கோபம் வந்தால் என் குரல் தானாக ஏறும். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அன்று கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் முழுங்கினேன். கல்லைக் காப்பாற்ற அவள் கண்டுபிடித்த வழி அவள் வீட்டுக்கே வினையாக வந்து நிற்கிறது. வெளியே சொன்னால் தெரு அவளைச் சும்மா விடாது. தேங்காய் உடைத்தவர்கள், வேண்டுதல் வைத்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து நிற்பார்கள். புருஷன் ஊரில் இல்லாத பெண். “இத யாருட்டயும் சொல்லாத” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். பேசாமல் கொஞ்ச நாள் பிள்ளைகளோடு அரிமளத்தில் அம்மா வீட்டில் போய் இருக்கச் சொன்னேன். பெரியவளுக்கு இந்த வருஷம் பப்ளிக் பரீட்சை, பள்ளிக்கூடம் விட முடியாது என்றுவிட்டாள்.

புரட்டாசி போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தில் பேசினேன். சாமி விஷயத்தில் தீர்மானம் போட எந்த வார்டுக்காரருக்கும் தைரியமில்லை. கடைசியில் பிடாரி கோயில் பூசாரியிடம் போனேன். சாமியை நகர்த்தலாமா என்று சாமியிடமே கேட்டுவிடலாம், பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் சம்மதமில்லை. சம்மதம் வந்தால் சர்வேயரை வைத்துக் கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அதே இடத்தில் நட்டுவிடலாம். தெருவும் ஒப்புக்கொண்டது, மண்டிக்காரரும் ஒப்புக்கொண்டார்.

கிளம்புகிற நேரத்தில் பூசாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ரெண்டுலயும் வெள்ளையே வச்சுரவா ஆத்தா?” என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். யோக்கியதை என்று யாரும் நினைக்க வேண்டாம். மண்டிக்காரர் இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டால் எல்லாம் போச்சே என்ற பயம்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் தெருவே கூடியிருந்தது. இரண்டு அரளிப் பூவையும் வாழையிலை நறுக்கில் தனித்தனியாக மடித்து, ஒரே மாதிரி நூல் சுற்றி, தட்டில் குலுக்கிக் கல்லுக்கு முன்னால் போட்டார் பூசாரி. சின்னப் பிள்ளை யாராவது எடுப்பதுதான் வழக்கம். மண்டிக்காரர் குறுக்கே வந்தார். “யாருக்கு வேல ஆகணுமோ அவங்களே எடுக்கட்டும்” என்றார். எல்லாரும் பள்ளத்து வீட்டுக்காரியைப் பார்த்தார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். அது கல் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேர். ஆனாலும் அவள் குனிந்தபோது அவள் உதடு அசைந்தது. ஒரு வார்டு நிர்வாகம், ஒரு வருஷ அலைச்சல், மூன்று உயிர், எல்லாம் ஒரு இலை மடிப்புக்குள் இருக்கிறதே என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கும்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. அவள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

பூசாரி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அவள் கல்லின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மண்டிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “ஆத்தா நகர மாட்டேனுட்டா. இனி யாரும் இதப்பத்திப் பேசக்கூடாது” என்றார். அந்த நிம்மதியான குரலைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. யோசித்துப் பேசியதில்லை, வாயில் வந்துவிட்டது.

“சரிங்கண்ணே. சாமி நகர மாட்டேனுருச்சு. நீங்களே சொல்லிட்டீங்க. சாமி நிக்கிறது வாரியோட இந்தக் கரை. இங்கேருந்து அளந்தா அந்தக் கரை ஒங்க சொவத்துக்கு உள்ள கெடக்கு. சாமி நகராதுன்னா நகர வேண்டியது எது?”

தேங்காய் உடைத்த அந்த அம்மாதான் முதலில், “அது சரிதான” என்றாள். பின்னால் இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சாமி எல்லையக் காட்டுதுங்க” என்றார். அவர் முழு மனதோடு சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. மண்டிக்காரர் கொட்டகையைப் பார்த்தார், தான் மாட்டிய பல்பைப் பார்த்தார். கோர்ட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மெசின வச்சு இடிச்சா எனக்கு அசிங்கம் ஆத்தா. நானே ஆள் வச்சு எடுத்துக்கிர்றேன்” என்றார்.

சொன்னபடி எடுத்தார். சுவர் போன வழியாகப் பொக்லைன் இறங்கியது. வாரி முழு அகலத்துக்கு வெட்டுப்பட்டது. அப்போதும் எனக்குப் பயம் போகவில்லை. வெட்டிய மண் கரையிலேயே குவிந்து கிடந்தது, ஒரு மழையில் திரும்ப உள்ளே சரிந்துவிடும் என்று அதை அள்ளச்சொல்லித் தினம் போன் பண்ணினேன். கடைசி லோடு போன மறுநாள் மழை பிடித்தது.

காலையிலேயே பள்ளத்து வீட்டுக்குப் போய்விட்டேன். அவளும் நானும் வாசற்படியில் நின்றோம், பிள்ளைகள் கட்டிலில் இருந்தார்கள். மத்தியானம் வாரியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் உருண்டு வந்தது. வளைவில் ஒரு சுழி சுழித்தது. பிறகு நேராகக் கண்மாய்ப் பக்கம் திரும்பிப் போனது. நான் வீட்டுக்குள் போய்ப் பின்சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அடுத்து அரசாங்கத் தொகுப்பு வீட்டுக்கு எழுதிப்போட்டு அந்தச் சுவரையே மாற்ற வேண்டும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கேட்டமாதிரி இல்லை. மழைக்கு நடுவில் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அன்னைக்கி எனக்கு வெள்ளப் பூ வந்திருந்தா சொவரு அங்கேயேதான இருந்திருக்கும்?”

“ஆமா.”

“பாதி வாரிதான வெட்டியிருப்பாங்க. இந்தத் தண்ணிக்கு அது பத்தியிருக்காதுல்ல?”

பத்தியிருக்காது.

“வெறும் கல்லுன்னுதாங்க்கா மஞ்ச பூசுனேன். இப்ப ஒருநா பூசாம விட்டாலும் எனக்குப் பயமா இருக்குக்கா. நேத்து காச்சலோட எந்திரிச்சுப் போனேன்.”

“அடி, அது சர்வே கல்லுடி” என்றேன். என் குரல் ஏறவில்லை.

“தெரியும்க்கா. அதச் சாமியாக்குனதே நாந்தான” என்றாள்.