மாறாது என்று சொன்ன சத்தம்

போன மாதம் சேலத்தில் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். அங்கே பொறுப்பில் இருந்த பெண் பானட்டைத் திறந்து காட்டி, "ஏர் ஃபில்டர் மாத்தோணுங்க சார். கம்பெனிதே போட்டுடலாமுங்களா, இல்ல ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் போடலாமுங்களா? பிக்கப் நல்லா இருக்குமுங்க" என்று ஒரு டப்பாவைப் பிரித்தார். உள்ளே சிவப்புத் துணி மடிப்புகள், அதில் தடவிய எண்ணெயின் வாசனை. "கம்பெனிதே போடுங்க" என்றேன். கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டேன் போல. அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

அந்த எண்ணெய் வாசனை எனக்குப் பழக்கமானது. இருபத்திரண்டு வயதில் ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்தேன். சேலம் பஸ் ஸ்டாண்டில் பழைய மோட்டார் பத்திரிகைகளை வாங்கிப் படித்துவிட்டு, எஞ்சின் மூச்சு விடுவதைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் பாடம் நடத்துவேன். அப்போது எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டத் தெரிந்தவர்கள் பேசாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளியை நச்சரித்து ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் வரவழைத்தேன். கூம்பு வடிவம், சிவப்புத் துணி, பளபளக்கும் வளையம். எட்டு மாதம் ஆகியும் யாரும் வாங்கவில்லை. முதலாளி தினமும் காலையில் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு, "உங்க சாமிக்கும் ஒண்ணு காட்டட்டுமா?" என்று அந்தக் கூம்பைப் பார்த்துக் கேட்பார்.

என் கூட்டாளி ஸ்டீபன் ஒரு பழைய வெள்ளைக் காரை வாடகைக்கு ஓட்டினான். ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்கி சேலம் போவான். இறங்குகிற ரோடுதான் என்றாலும் கொட்டச்சேடு வரை நடுநடுவே ஏற்றம் உண்டு. அவன் காரின் ஏர் ஃபில்டர் டப்பாவில் மூடி விரிசல் விட்டு, ஒரு கிளிப்பும் போய், சைக்கிள் டியூப்பால் கட்டியிருந்தான். ஏற்றத்தில் மிதித்தால் அந்த விரிசல் வழியாகக் காற்று புகுந்து விசில் அடிக்கும். 'ஊய்ய்' என்று இழுத்து, கியர் மாற்றும்போது நின்று, மறுபடி இழுக்கும்.

கொட்டச்சேட்டு ரோட்டில் அந்த விசில்தான் டைம்டேபிள். பனி இறங்கிவிட்டால் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற சில்வர் ஓக் மரம் தெரியாது. எஸ்டேட் பங்களாவை ஒட்டிய அந்த வளைவில் ஹார்ன் அடிக்கவும் கூடாது. துரைமார் காலத்துக் கட்டுப்பாட்டை யாரும் மாற்றவில்லை. அதனால் சேலம் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, ரோட்டுக்குக் கீழே இருக்கும் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளில் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருப்பார்கள். விசில் கேட்டதும் மேலேறி வந்து மைல் கல்லருகே நிற்பார்கள். ஸ்டீபன் நின்று ஏற்றிக்கொள்வான்.

ஒருநாள் அந்த மூடி இரண்டாகவே பிளந்துவிட்டது. கம்பெனி டப்பா சேலத்திலிருந்து வர நான்கு நாள் ஆகும். என் கூம்பு கையிலேயே இருந்தது. நான் விடுவேனா? தூசி நிற்கும், இழுவை கூடும், இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஸ்டீபன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"ஏன்டா, சத்தம் மாறுமா? சத்தத்த வெச்சுத்தான் சனம் வருது."

"மாறாதுடா" என்றேன்.

மாறும் என்று எனக்குத் தெரியும். கம்பெனி டப்பா காற்றை அடக்கி உள்ளே விடும். இந்தக் கூம்பு மொட்டையாக நின்று உறிஞ்சும், உறுமும். அந்த உறுமலைக் கேட்கத்தான் நான் எட்டு மாதமாகக் காத்திருந்தேன். கூம்பை மாட்டிவிட்டு, பழைய டப்பாவை அன்றைக்கே காயலான் கடைக்குப் போட்டாயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கொட்டச்சேட்டில் காப்பிக்களத்தில் வேலை செய்த லூர்து அக்காவின் மகள் ஜென்சிக்கு சேலத்தில் நர்சிங் படிப்புக்கு நேர்காணல், காலை ஒன்பது மணிக்கு. ஸ்டீபனிடம் சொல்லி வைத்திருந்தார்கள். கடைச் சாமான் வாங்க நானும் முன்சீட்டில் இருந்தேன். பின்னால் ரயில் பிடிக்க வேண்டிய ஒரு சென்னைக் குடும்பம். கார் ஏற்றத்தில் உறுமியபோது, குளிரையும் பார்க்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

மைல் கல்லருகே யாரும் இல்லை. ஸ்டீபன் நிறுத்தினான். பின்சீட்டில் மணி பார்க்க ஆரம்பித்தார்கள்.

"எறங்கி ஒரு குரல் குடுடா. நாலு எட்டு கீழ எறங்கினா போதும்."

புல்லெல்லாம் பனி ஈரம். புது ஷூ போட்டிருந்தேன். "பஸ்ஸுல போயிருப்பாங்கடா, எடு" என்றேன். ஸ்டீபன் இன்னும் கொஞ்சம் பார்த்தான். அப்புறம் எடுத்துவிட்டான்.

அவர்கள் போகவில்லை. ஜென்சி சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விசிலுக்காகக் காத்திருந்தாள். டூரிஸ்ட் பையன்கள் யாரோ காரை முறுக்கிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். அடுத்து வந்த பஸ்ஸில் போய்ச் சேரும்போது நேர்காணல் முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே ஸ்டீபனுக்குச் செய்தி எட்டியது. கடை வாசலில் காரை நிறுத்தி, கூம்பைத் தன் கையாலேயே கழற்றிக் கடை மேஜைமேல் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்த லூர்து அக்கா நேராகக் கடைக்கு வந்தார். ஸ்டீபனும் அங்கே இருந்தான்.

"நான் வந்தேங்கக்கா. இந்த ஃபில்டராலதான் சத்தம் மாறிப்போச்சு. இவனும் கூட இருந்தான், கேளுங்க."

"உன் கூட்டாளி உனக்குத்தான் பேசுவான். உன் காரு வந்தா எங்களுக்குத் தெரியாதா?" அப்புறம் மேஜைமேல் இருந்த கூம்பைக் காட்டி என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க தம்பி, இதப் போட்டா சத்தம் மாறுமுங்களா? அத மட்டும் சொல்லுங்க."

எனக்குப் பின்னால் முதலாளி நின்றார். பொய் சொல்லி விற்றேன் என்று தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும்.

"மாறாதுங்கக்கா."

ஸ்டீபன் என்னைப் பார்த்தான். சண்டைக்கு வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். பார்த்துவிட்டு வெளியே போனான். அந்த ஊரில் அன்றிலிருந்து அவன் பொய்யன். பிறகு வந்த கம்பெனி டப்பா சத்தமே போடவில்லை; மைல் கல்லருகே அவனுக்காக நிற்கவும் யாரும் வரவில்லை. இரண்டு மாதத்தில் காரை விற்றுவிட்டு மலையை விட்டு இறங்கிவிட்டான். ஓசூர்ப் பக்கம் என்றார்கள். நான் தேடவில்லை. தேடாமல் இருப்பதற்கு எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது.

சர்வீஸ் முடிந்த மறுநாள் குப்பனூர் வழியாகவே மேலே ஏறினேன். மைல் கல்லருகே காரை நிறுத்தினேன். ஜென்சி இப்போது அங்கேயே ஒரு தங்கும் விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வீடு மட்டும் அதே லைன் வீடுதான். புல்லில் இறங்கி நாலு எட்டு வைத்து, "ஜென்சி" என்று குரல் கொடுத்தேன். இருபது வருடம் தாமதமாக.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள். "வாங்கண்ணா! நொம்ப நாளாச்சு. வண்டி வந்ததே காதுல உழுவலீங்க."

"அன்னிக்கும் அப்படித்தான் கண்ணு. ஸ்டீபன் வந்தான். இதே எடத்துல நின்னான். நான் போட்டுவிட்ட ஃபில்டராலதான் சத்தம் மாறிப்போச்சு. எறங்கிக் கூப்புடச் சொன்னான். நாந்தான் எறங்கல. உங்கம்மா வந்து கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

"அம்மா போய் மூணு வருசமாச்சுங்கண்ணா" என்றாள். "கடைசி வரைக்கும் அந்தண்ணன ஏசிக்கிட்டேதான் இருந்தாங்க. அம்மா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமுங்களே."

தன் படிப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். என்னால் முடியவில்லை.

இப்போது அந்த வளைவில் யாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதில்லை. டவர் வந்துவிட்டது. வருகிறவர் போன் செய்கிறார், நிற்கிறவர் போன் செய்கிறார். ஒண்டிக்கடையில் எங்கள் கடை இருந்த இடத்தில் சாக்லேட் விற்கிறார்கள். சேலம் திரும்பும்போது அதே ரோட்டின் ஏற்றத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்தக் காரின் விசிலை வாயால் அடித்துப் பார்த்தேன். இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை முயன்றேன். வெறும் காற்றுதான் வந்தது.