மார்னி ஒரே ஒரு தடவை சொன்ன ‘வாங்கலாம்’

மார்னி ஹாடாயாவின் அறைக்குள் போனவர்கள் யாரும் சிரித்த முகத்தோடு வெளியே வந்ததில்லை. எங்கள் டுலூத் பைலட்ஸ் அணியின் சம்பளக் கணக்கு அவள் கையில். காலால் உதைக்கிற கால்பந்து இல்லை இது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதுகிற எங்கள் ஊர்க் கால்பந்து. இதில் ஒரு அணி ஆட்டக்காரர்களுக்கு வருஷத்தில் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று லீக் ஒரு உச்சவரம்பு போட்டிருக்கிறது. முதலாளி எத்தனை பெரிய கோடீஸ்வரனாக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு டாலர் போட முடியாது. பயிற்சியாளர் வந்து அந்த ஆள் வேண்டும் என்பார். மார்னி வேண்டாம் என்பாள். முதலாளி கிளிஃப் டன்வுடி வந்து இந்த ஆளாவது என்று இழுப்பார். அதற்கும் வேண்டாம்தான். ஆபீசில் அவளுக்கு ‘வேண்டாம் மேடம்’ என்றே பேர் விழுந்துவிட்டது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் வருவதற்கு முன்னால் இந்த டன்வுடி ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமா? ஒரே மார்ச் மாதத்தில் மூன்று பெரிய ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கினார். உச்சவரம்பு இடித்தது. உடனே ஒரு தந்திரம் பண்ணினார்கள். சம்பளத்தை மொத்தமாக முன்பணம் என்று கையில் கொடுத்துவிட்டு, கணக்கில் மட்டும் வருஷா வருஷம் பிரித்து எழுதிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் வருஷம் போதாவிட்டால் யாரும் ஆடவே போகாத வருஷங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பேய் வருஷங்கள் என்பாள் மார்னி. எல்லாம் சட்டப்படிதான்! ஆனால் ஆள் போன பிறகும் அவன் பங்கு கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பேர் செத்த பணம். அந்த மூன்று பேரும் முட்டி உடைந்து, ஃப்ளோரிடா கடற்கரையில் மல்லாந்து கிடந்தார்கள். இங்கே எங்கள் உச்சவரம்பில் பாதியை அவர்கள் பேர் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் பொடியன்களை வைத்துக்கொண்டு வாரா வாரம் உதை வாங்கினோம். எனக்கு இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

காகித ஆலை மூடியதும் அங்கே கணக்கு பார்த்துக்கொண்டிருந்த மார்னியை அந்தக் குப்பையைக் கூட்டத்தான் கூட்டிவந்தார்கள். வருஷக்கணக்கில் கூட்டினாள். சம்பளச் சீட்டுக்காக மட்டும் செய்த வேலை இல்லை அது. இரும்புத்தாது ஏற்றும் துறையில் வேலை செய்த அவள் அப்பா, அவளுக்கு ஏழு வயதில் ஒரு பனிப்புயலில் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். பைலட்ஸ் தோற்றார்கள். இவள் அந்த அணிமேல் பைத்தியமாகிவிட்டாள். அப்பா போன பிறகும், எனக்கு முன்வரிசையில் இருந்த அவருடைய இருக்கையை விடவில்லை. ஆபீஸ் ஆட்கள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பார்க்கலாம். இவள் மட்டும் பொதுஜனத்தோடு குளிரில் நின்று தொண்டை கிழியக் கத்துவாள். கல்யாணமும் ஒன்று நடந்தது. அவன் கூடைப்பந்து பார்க்கிறவன். எத்தனை நாள் ஓடும்?

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு மார்ச்சில் சோதனை வந்தது. டவாரிஸ் மோல்ட்ரியின் ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கும் போகலாம் என்று வெளியே வந்தான். மோல்ட்ரி! ஓடிக்கொண்டே பின்னாலிருந்து வருகிற பந்தை ஒற்றைக் கையில் பறிப்பவன். டன்வுடி மார்னியின் அறைவாசலில் வந்து நின்றார். எப்படியும் திட்டு விழும் என்ற முகத்தோடு, சும்மா கேட்டு வைக்கிறேன் என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் அவள் சொன்னாள்: “வாங்கலாம், கிளிஃப்.”

டன்வுடியின் கையிலிருந்த காபி சட்டையில் பாதி, கம்பளத்தில் பாதி. அவள் முந்தின நாளே மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டிருந்தாள். அங்கே கொஞ்சம் நகர்த்தி, இங்கே கொஞ்சம் தள்ளி, எல்லாம் சரியாக வந்தது. கடைசி ஓட்டையை அடைக்க ராய்ஸ் லிண்ட்வாலின் சம்பளத்தையும் முன்பணமாக்கிப் பிரிக்க வேண்டும், அவன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதை அவள் கணக்கில் போட்டே விட்டாள்.

ராய்ஸ் எங்கள் நடு ஆள். குனிந்து நின்று கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, அதை வாங்கி எறிகிறவன் மேல் பாய வருகிற மலை மாதிரி ஆட்களை நெஞ்சால் தடுப்பவன். பேப்பரில் அவன் படம் வராது. ஆனால் அவன் இல்லாவிட்டால் எறிகிறவனுக்கு எலும்பு மிஞ்சாது. ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு சனிக்கிழமை மார்னியின் வீட்டுக்கு வருவான். அவள் சுட்ட ஏலக்காய் ரொட்டியில் பாதியைக் காலி பண்ணிவிட்டு, “எங்க?” என்பான். அவள் விரலால் காட்டுவாள். படிக்காமல் போடுவான். அவனுக்குக் காசு குறையாது, அணிக்கு உச்சவரம்பில் இடம் கிடைக்கும். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

இந்தச் சனிக்கிழமை அவன் வரவில்லை. ரொட்டி காய்ந்தது. திங்கட்கிழமை போன் போட்டாள், அணைத்து வைத்திருந்தான். மோல்ட்ரி வாயால் சம்மதம் சொல்லிவிட்டான், ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. முனைக்கடை பேக்கரியில் டோனட் மேல் அவன் சட்டை நம்பரைச் சர்க்கரையில் எழுதி விற்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானே ஒரு டஜன் வாங்கினேன். யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்றுதான். புதன்கிழமை மாலை நாலு மணிக்கு லீக்கின் புது வருஷம் பிறக்கிறது. அந்த நேரத்தில் எங்கள் கணக்கு உச்சவரம்புக்குள் இல்லாவிட்டால் மோல்ட்ரியின் ஒப்பந்தம் செல்லாது. அவன் வேறு அணிக்குப் போய்விடுவான்.

 புதன் காலை மார்னி ராய்ஸின் மனைவியைப் போனில் கூப்பிட்டாள். நிறைமாதக்காரி, சோர்ந்த குரலில், வடக்கே ஏரியில் மீன் பிடிக்கப் போயிருக்கிறான் என்றாள். டன்வுடி பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ராய்ஸ் கையெழுத்துப் போட்டால் நல்லது, போடாவிட்டால் நாலு மணிக்கு முன்னால் அவனைக் கழற்றி விட்டுவிடலாம், அப்போதும் இடம் கிடைக்கும் என்றார். கொஞ்சம் செத்த பணம் நிற்கும், பரவாயில்லை. ஆனால் நடு ஆள் இல்லாமல் போய்விடுமே, அதனால் எப்படியாவது போட வைத்துவிடு, நீ சொன்னால் அவன் தட்டமாட்டான் என்றார். அது உண்மை. அதுதான் அவளைக் குடைந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு காரைப் பறக்க விட்டாள். காட்டுப் பாதையில் சேறும் பனியும். ஏரிக்கரையில் காரைப் போட்டுவிட்டு, உறைந்த ஏரிமேல் ஆபீஸ் செருப்போடு இறங்கினாள். மார்ச் வெயிலில் பனிக்கட்டியின் மேலே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். தூரத்தில் ராய்ஸின் தகரக் குடிசை, அதன் குழாயில் புகை. இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். காகிதத்தை மட்டும் நனையவிடவில்லை.

குடிசைக்குள் ராய்ஸ் பனியில் துளை போட்டு, பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. “வாங்க மேடம். நீங்களே வருவீங்கன்னு தெரியும். கால் நனைஞ்சு போச்சே, அடுப்பு பக்கத்துல உக்காருங்க.”

“போனை ஏன்டா அணைச்சு வெச்சே?”

“மோல்ட்ரி வர்றான்னு ரேடியோல சொன்னான். பெரிய ஆளு ஒருத்தன் உள்ள வந்தா யாரோ ஒருத்தன் அடிமடியில கை வைக்கணுமில்ல. இந்தத் தடவை யாருன்னு கேக்கப் பயந்துதான் இங்க வந்து உக்காந்தேன்.”

அவள் காகிதத்தை எடுத்தாள். அவன் “எங்க?” என்று கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, படித்துக் காட்டச் சொன்னான். அவள் படித்தாள். இந்த வருஷச் சம்பளம் மொத்தமும் முன்பணமாக உடனே கையில் வரும். அடுத்த வருஷம் பேய் வருஷமாகிவிடும்.

“அப்ப அடுத்த மார்ச்சுல?” என்றான்.

“வெளிய.”

“போடலேன்னா?”

“இன்னைக்கே வெளிய.”

அப்போது வாசலுக்கு வெளியே பனிமேல் நட்டிருந்த தூண்டில் கொடி ஒன்று படக்கென்று நிமிர்ந்தது. மீன் மாட்டியிருக்கிறது. வழக்கமாகக் குழந்தை மாதிரி ஓடுகிறவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் இரண்டாவது குழந்தை வரப்போகிறது, இன்னும் மூன்று வருஷமாவது ஆட உடம்பில் தெம்பிருக்கிறது என்று தரையைப் பார்த்துச் சொன்னான். பிறகு கேட்டான்: “நீங்க என்ன சொல்றீங்க? நீங்க சொல்றபடி செய்றேன்.”

 போடு என்று மார்னி ஒரு வார்த்தை சொன்னால் போதும். மோல்ட்ரியும் வருவான், ராய்ஸும் இருப்பான், அப்பா பார்க்காமலே போன கோப்பை வருகிற ஜனவரியில் கைக்கு வரலாம். ஏழு வயதிலிருந்து அவள் கேட்டது இது ஒன்றுதான். ஆனால் அவளுக்கு இன்னொரு கணக்கும் தெரியும். இன்றைக்கு எல்லா அணியிடமும் பணம் இருக்கிறது, பாதி அணிகளுக்கு நல்ல நடு ஆள் இல்லை. இன்றைக்கு வெளியே போனால் ராய்ஸை அள்ளிக்கொண்டு போவார்கள். அடுத்த மார்ச்சில் அவனுக்கு முப்பத்து நாலு வயது. ஒருவனும் சீண்டமாட்டான்.

“வேண்டாம்டா,” என்றாள். “போடாதே.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “அப்புறம் உங்க மோல்ட்ரிக்குப் பந்து எப்படிப் போய்ச் சேரும்? எறியறவனைக் கீழ போட்டு மிதிச்சுடுவாங்களே.”

“அது என் தலைவலி. மணி என்ன?”

மணி மூன்றரையைத் தாண்டியிருந்தது. ஏரியில் போன் எடுக்காது. கிழக்குக் கரையில் துருத்திக்கொண்டிருக்கிற பாறை உச்சியில் மட்டும் எடுக்கும். நடந்தால் நிச்சயம் முடியாது. ராய்ஸ் எழுந்தான், பனிவண்டியை உதைத்துக் கிளப்பினான், பின்னால் ஏறச் சொன்னான். தன்னைக் கழற்றிவிடப் போன் போடப் போகிறவளைத் தானே ஏற்றிக்கொண்டு பறந்தான் அந்த மனுஷன்! தண்ணீர் இரண்டு பக்கமும் பீய்ச்சி அடித்தது. மார்னி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். பாறையடியில் ஈரச் செருப்பு வழுக்க, அவளைப் பின்னாலிருந்து தூக்கித் தள்ளி ஏற்றியதும் அவன்தான்.

உச்சியில் போன் உயிர் பெற்றது. டன்வுடி முதல் மணியிலேயே எடுத்தார்.

“போட்டானா?”

“இல்ல. கழட்டி விட்டுடுங்க. நான்தான் போட வேண்டாம்னு சொன்னேன்.”

டன்வுடி வாய்க்கு வந்தபடி கத்தினார். பக்கத்தில் நின்ற ராய்ஸுக்கே எல்லாம் கேட்டது.  நேரமாகிறது, கழற்றிவிட்ட காகிதத்தை லீக்குக்கு அனுப்புங்கள் என்று மட்டும் மார்னி திரும்பத் திரும்பச் சொன்னாள். நாலு அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது, போய்விட்டது என்று பதில் வந்தது. மோல்ட்ரி எங்களுக்கு! எனக்கு அப்போது இந்தப் பாறைக் கதையெல்லாம் தெரியாது. டோனட் கடை வாசலில் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தேன்.

 பாறைமேல் நின்றபடியே மார்னி அழுதாள். பிறகு ராய்ஸ் அணைத்து வைத்திருந்த போனைத் திரும்பப் போடச் சொன்னாள். போட்டான். அவர்கள் கீழே இறங்குவதற்குள் அது அடித்தது, வேறு அணி ஒன்று. எடுத்து வைப்பதற்குள் மறுபடி அடித்தது. ராய்ஸ் சிரிக்க ஆரம்பித்தான். அன்று இருட்டுவதற்குள் மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்தது, தெற்கே பாலைவனத்து அணி ஒன்றோடு. அங்கே பனியும் இல்லை, துளை போட்டு மீன் பிடிக்க ஏரியும் இல்லை என்று அதற்குள் புலம்பத் தொடங்கிவிட்டான்.

டன்வுடி ஒரு மாதம் மார்னியோடு பேசவில்லை. வேலையை விட்டுத் தூக்குவார் என்று அவளும் மேஜை இழுப்பறையைக் காலி பண்ணி வைத்திருந்தாள். அப்புறம் மோல்ட்ரி முதல் ஆட்டத்திலேயே மூன்று பந்தைப் பறித்தான், முதலாளிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. எங்கள் எறிகிறவன் பாதி நேரம் முதுகில்தான் கிடந்தான் என்பது வேறு விஷயம். ஜெயித்தோம், தோற்றோம், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை, அத்தனை பரபரப்பு.

டிசம்பரில் அந்தப் பாலைவனத்து அணி எங்கள் ஊருக்கு வந்தது. நல்ல பனி. ராய்ஸ் எதிரிச் சட்டையில் ஓடி வந்ததும் மைதானம் முழுக்கக் கூச்சல், ஏளனம். நன்றி கெட்ட ஜனம்! ஆட்டம் தொடங்கியது. ராய்ஸ் பந்தைக் கொடுத்துவிட்டு எங்கள் பயல்கள் இரண்டு பேரைச் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பனியில் உருட்டினான். சுற்றிலும் எல்லோரும் திட்டிக்கொண்டிருக்க, என் முன்வரிசையில் மார்னி மட்டும் எழுந்து நின்று கை வலிக்கத் தட்டினாள்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவனுக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, அவன் நம்ம ஆளு இல்லம்மா.”

மார்னி திரும்பினாள். மூக்கெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர்.

“செத்த பணக் கணக்குல இந்த வருஷம் முழுக்க நம்ம ஆளுதான்,” என்றாள். “நானே எழுதியிருக்கேன்.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மறுபடி முன்னால் திரும்பித் தட்ட ஆரம்பித்தாள். நானும் எழுந்து தட்டினேன்.