சில்லறைப் பேச்சு

அந்தச் சிறையின் மனநலப் பிரிவில் இருபத்திரண்டு வருடங்களாகத் தட்டச்சு வேலை பார்க்கிறார் அவர். காவலர்கள் எல்லாருக்கும் அவர் 'டைப்பிஸ்ட் அக்கா'. டாக்டர்கள் கைதிகளிடம் பேசுவது பதிவாகும். அதைக் காதில் மாட்டிக் கேட்டுத் தாளில் இறக்குவது அவர் பொறுப்பு. மேஜைக்கு அடியில் ஒரு பெடல் உண்டு. மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். மிதித்து மிதித்து வலது கணுக்கால் வீங்கிவிட்டது.

"ஊர்ல உள்ள கொலைகாரன் பேச்சையெல்லாம் மிதிச்சா வீங்காம என்ன பண்ணும்?" என்பார் கணவர், தைலம் தேய்த்துக்கொண்டே.

சேர்ந்த புதிதில் பழைய மேலாளர் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தார். "விஷயத்தை மட்டும் அடிம்மா. ஃபேனைக் குறை, டீ வருமா, கதவைச் சாத்து, இதெல்லாம் குழுவுக்கு எதுக்கு?" கைதிகளை முன்கூட்டியே விடலாமா என்று முடிவெடுக்கும் முன்விடுதலைக் குழுவினருக்குப் படிக்க நேரமில்லை என்பது உண்மைதான். அந்த மாதிரிப் பேச்சுக்கு அலுவலகத்தில் சில்லறைப் பேச்சு என்று பெயர். சில்லறை வந்தால் அக்காவின் விரல்கள் தாமாகவே நின்றுவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் விடுதலைக்கான படிவத்தோடு நின்றாள். 'மாப்பிள்ளை' என்ற கைதியின் அக்கா. கசங்காத சட்டையும் வாரிய தலையுமாகத் திரிவதால் காவலர்கள் அவனுக்கு வைத்த பெயர் அது. படுக்கையில் கிடக்கும் வயதானவர்களை அவரவர் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவன். அவன் கொடுத்த தூக்கமாத்திரையில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று விசாரணையில் காரணம் சொல்லியிருந்தான்.

"வெள்ளிக்கிழமை குழுவுல தம்பியை விட்டுடுவாங்கல்லக்கா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? எங்க தங்குவார்னு எழுதிட்டியா?"

"எங்க வீட்டுலதான். மாமியார் படுத்த படுக்கை. நான் வேலைக்குப் போறதா, அவங்க கூப்பிடறப்பல்லாம் ஓடறதா? அவன் வந்துட்டா அவன் பாத்துப்பான். பழகின வேலைதானே."

"அவர் செஞ்சது..."

"அது கெட்ட நேரம். இப்ப திருந்திட்டான்க்கா. எல்லா லெட்டரும் அழுகைதான்."

அழுகை என்றதும் டைப்பிஸ்ட் அக்காவுக்கு அவன் அழுத பதிவுகள் நினைவுக்கு வந்தன. அவனுடைய மூன்று நேர்காணல்களும் பதிவு அலமாரியில் இருந்தன. மூன்று வருடம், மூன்று டாக்டர்கள். மூன்றையும் அடித்தவர் மட்டும் ஒருவர். எடுத்து மாட்டினார்.

"எனக்கு அம்மா மாதிரி இருந்தாங்க" என்ற இடத்தில் மூன்றிலும் அழுதான். முதல் வருடம் தேம்பி முடித்ததும், "ஃபேனைக் கொஞ்சம் குறைக்கலாமா?" அடுத்த வருடம், "டீ வருமா?" கடைசியில், "இன்னிக்கு டீ இல்லையா டாக்டர்? போன தடவை குடுத்தாங்களே." குரலில் ஈரமே இல்லை. தாளில் இவை ஒன்றுமில்லை. 'அழுகிறார்' என்று இருந்தது; அடுத்த வரியில், 'இனி அப்படி நடக்காது.' நடுவில் இருந்ததைச் சில்லறை என்று தள்ளியது அவர்தான்.

கடைசி நேர்காணலை எடுத்த டாக்டர் பக்கத்து அறையில் இருந்தார். அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவர். அக்கா கொண்டுபோன மூன்றையும் கேட்டுவிட்டுக் காதிலிருந்து கழற்றி வைத்தார்.

"அழுதவனுக்குத் தண்ணி குடுக்கணும்னு நான் பரபரத்துக்கிட்டு இருந்தேன். இது காதுலயே விழலைக்கா. ஆனா அழுதுட்டு டீ கேட்டா குத்தமா? சாவு வீட்டுல நாமளே கேக்கறோமே."

"கேக்கறோம் டாக்டர். மூக்கை உறிஞ்சிக்கிட்டே கேக்கறோம்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "அவன் ஃபைல்ல ஆளுமைக் கோளாறுன்னு இருக்கு. அப்படி எழுதிட்டாலே ஆபத்தானவன்னு ஆயிடாதுக்கா. இப்படிப்பட்டவங்க நிறைய பேர் யார் மேலயும் கை வைக்காம வாழ்ந்துட்டுப் போயிடறாங்க. இதுக்கு முன்னாடி என்ன பண்ணியிருக்கான், அடுத்தவங்க வலி அவனுக்கு உறைக்குதா, வெளியில போனா அவன் கையில யார் இருப்பாங்க, எல்லாத்தையும் சேர்த்துத்தான் பாக்கணும்."

"கையில இருக்கப்போறவங்க படுத்த படுக்கையா இருக்காங்க டாக்டர்." அந்தப் பெண் கொடுத்துவிட்டுப் போன படிவத்தை எடுத்து நீட்டினார்.

டாக்டர் முகவரியைப் படித்தார். "விட்டதை எழுதிக் குடுங்க. ஆனா உங்க இருபத்திரண்டு வருஷத்தையும் தோண்டுவாங்க, தெரியுமில்ல?"

"தோண்டட்டும். கால் எப்படியும் வலிக்கத்தான் போகுது."

வெள்ளிக்கிழமை குழு முடிவைத் தள்ளிவைத்தது. மறுபடி மதிப்பீடு செய்ய வேண்டும்; எப்போது விட்டாலும் நோயாளி இருக்கும் வீட்டில் தங்கக்கூடாது. திங்கட்கிழமை அந்தப் பெண் ஜன்னலுக்கு வந்தாள்.

"நீங்க உங்க மாமியாரை ஒருநாளாவது தூக்கித் திருப்பிப் படுக்கவச்சிருக்கீங்களா? வந்தவனையும் வராம பண்ணிட்டீங்க."

உள்விஷயம் பேசக்கூடாது என்பது விதி. அவள் சொன்ன களைப்பு பொய்யில்லை.

டாக்டர் சொன்னபடியே உத்தரவு வந்தது. இன்னும் உள்ளே இருப்பவர்களின் பதிவுகள் எல்லாவற்றையும் திரும்பக் கேட்டு, விட்டதைச் சேர்க்க வேண்டும். மொத்தம் நூற்று நாற்பது. அக்கா காலுக்கடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முக்கால்வாசி உண்மையிலேயே சில்லறைதான். கொசு, வெயில், செருப்பு.

நான்காவது வாரம் 'கல்லு'வின் முறை வந்தது. சண்டையில் தன் தம்பியைத் தள்ளிவிட்டதில், அவன் தலையில் அடிபட்டுச் செத்துப்போனதால் உள்ளே வந்தவன். எதைக் கேட்டாலும் "ம்", "ஆமா", "இல்ல". வருத்தமே இல்லாதவன் என்று இரண்டு முறை விடுதலையை மறுத்திருந்தார்கள்.

பதிவில் டாக்டர் இருமினார். வேறொரு டாக்டர், ஓய்வு பெற்றுப் போய்விட்டவர்.

"ஃபேன் உங்க மேல நேரா அடிக்குது சார். நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன், நீங்க இங்க வாங்க."

நாற்காலி இழுபடும் சத்தம். அதற்கடியில், யாருக்கும் சொல்லாத மாதிரி, தாழ்ந்த குரல்:

"தம்பிக்கும் காத்து பட்டா இப்படித்தான் இருமல் வரும். நான்தான் எழுந்து போர்த்திவிடுவேன்."

அக்கா காலை எடுத்தார். குரல் நின்றது. தாளில் அந்த இடத்தைத் தேடினார். 'ம்' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் நடுவில் வெறும் இடம். தாளின் மேலே இருந்த தேதியைப் பார்த்தார். ஆறு வருடத்துக்கு முந்தையது.

கணுக்காலைக் கையால் ஒருமுறை பிடித்துவிட்டுக்கொண்டு, பதிவைப் பின்னோக்கி ஓட்டி, இருமலிலிருந்து அடிக்க ஆரம்பித்தார்.