ஏரியில் அவருக்கும் ஒரு பாடு

பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழும் இடத்தில் எங்கள் குப்பத்துக் குடும்பங்கள் முறை வைத்துத்தான் வலை போடும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவருடைய பாடு நாளில் இன்னொருவர் வலை போடக் கூடாது. அவர் வரவில்லை என்றால் இடம் சும்மாதான் கிடக்க வேண்டும்.

அறுபதுகளில் ஒரு தேர்தலுக்கு எங்கள் தொகுதி வேட்பாளர் வந்தார். அதற்குமுன் வந்தவர்கள் மூக்கைப் பொத்தாத குறையாகப் பேசிவிட்டுப் போவார்கள். இவரோ செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். பட்டணத்து மாடியில் இருப்பவனுக்கு உங்கள் கவுச்சி நாறும், எனக்கு மணக்கும் என்றார். "நான் உங்க ஊட்டுப் புள்ள" என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டித் தட்டி உள்ளங்கை எரிந்தது. கடலிலிருந்து ஏரிக்கு இறால் ஏறி வரும் முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தது, அதை வெட்டித் தருவாரா என்று ஒருவரும் கேட்கவில்லை, வாயாடி என்று பேரெடுத்த நான் உட்பட.

வீட்டுப் பிள்ளைக்குப் பாடு கொடுக்க வேண்டாமா? பஞ்சாயத்தார் அவர் பெயரையும் முறையில் சேர்த்துவிட்டார்கள். அவர் ஜெயித்துப் பட்டணம் போய்விட்டார். ஒவ்வொரு சுற்றிலும் அவருடைய நாள் வரும், தோணிகள் கரையில் கிடக்கும். அடுத்த பாடு எங்களுடையது. அவருக்காக ஒரு நாள் கூடுதலாகக் காத்திருந்து, பிள்ளைகளுக்குக் கஞ்சித் தண்ணீரை ஊற்றும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெயரை எடுக்கச் சொல்லிப் பஞ்சாயத்தில் போய் நின்றேன். பொம்பளை பேசும் இடமா இது என்றார்கள். நான் விடவில்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் போய் நின்றேன்.

அடுத்த தேர்தலுக்கு அவர் வந்த அன்று அவருடைய பாடு. அதே சேறு, அதே பேச்சு. வீட்டுப் பிள்ளை என்ற இடம் வந்ததும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே போனேன்.

"ஊட்டுப் புள்ளைன்னா வாங்க. இன்னிக்கு உங்க பாடு. தோணி ரெடியா கீது, வந்து வலையைப் போடுங்க."

அவர் பக்கத்தில் நின்றவரிடம் குனிந்து, "பாடுன்னா என்ன?" என்று கேட்டார். முன்வரிசை முழுக்க அது கேட்டது. அன்று சாயங்காலமே பஞ்சாயத்தார் அவர் பெயரை எடுத்தார்கள்.

ஓட்டு என்னவோ எங்கள் குப்பத்தில் அவருக்குத்தான் விழுந்தது. என் கணவரும் அவருக்கே போட்டிருந்தார். "இன்னா இருந்தாலும் நம்ம ஆளு" என்றார், எங்கள் பாடு ஒரு நாள் முன்னதாக வந்ததில் விழுந்த இறாலைக் கூடையில் கொட்டிக்கொண்டே. அடுத்த தேர்தலுக்கு அந்த வீட்டுப் பிள்ளை வந்து வாயைத் திறப்பதற்கு முன்பே முகத்துவாரத்தைக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டேன்.