பேர்ச் மரத்துப் பாகு

இங்கே எழுதுவன யாவும் நானும் என் மனைவியும் தனித்தனியே நினைவுகூர்ந்து, பின்னர் ஒத்துப்பார்த்து உறுதிசெய்தவை. எங்களுள் ஒருவருக்கு மட்டும் நினைவிலிருந்தவற்றை விலக்கிவிட்டேன். ஒரு மனிதர்மீது குற்றஞ்சாட்ட இருக்கிறேன். அப்போது ஊகத்துக்கு இடங்கொடுப்பது நேர்மையன்று.

எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேணில், ஸ்பிரிங்வேலில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்வளவில் வெள்ளைப் பட்டையுடைய பேர்ச் மரங்கள் இரண்டு நின்றன. கனடாவில் மேப்பிள் மரத்தைத் துளைத்து நீரெடுத்துப் பாகு காய்ச்சுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவந்தாள் மகள். பேர்ச் மரத்திலும் அது கூடும் என்று ஆசிரியை சொன்னாராம். அவளுக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. குளிர்காலம் முடியும் தறுவாயில், தளிர் அரும்புமுன், கைத் துறப்பணத்தால் மரமொன்றைத் துளைத்து, பிளாஸ்டிக் குழாய் செருகி, பால்மாத் தகரமொன்றைக் கட்டினோம்.

மனைவி பழக்கத்தின் வழியே தகரத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட்டாள். கருப்பநீர் என்னும் பதநீர் புளித்துக் கள்ளாகாமலிருக்க எங்கள் ஊரில் பனையிற் கட்டும் முட்டிக்குள் அப்படித்தான் தடவுவார்கள். மறுநாட் காலை மகன் ஒரு மிடறு குடித்துத் துப்பினான்.

“அம்மா, இது சுவருக்கு அடிக்கிற தண்ணி.”

அந்தக் குளிரில் எதுவும் புளிக்காது என்பதை நாங்கள் எண்ணிப்பார்க்கவில்லை. தகரத்தைக் கழுவி மீண்டும் கட்டினோம். விளிம்பில் வெண்கறை மட்டும் போகவில்லை.

பேர்ச் நீர் பார்வைக்கும் நாவுக்கும் வெறுந்தண்ணீர்தான். பிள்ளைகள் பள்ளியால் வந்ததும் அதை வடித்து அடுப்பிலேற்றுவார்கள். குசினி யன்னல்கள் ஆவியால் மங்கிக் கிடக்கும். ஈற்றில் அரைக் கிண்ணம் கபிலநிறப் பாகு கிடைத்தது. தம்பியை அதில் விரல் வைக்க மகள் விடவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை அங்கிள் வாறார். அவருக்குத்தான் முதல்.”

வந்தவர் எங்கள் ஊர்ப் பொறியியலாளர். உணவுக்கு முன், பியர்க் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, தமக்கு வீடு வாடகைக்குத் தர மறுத்த வெள்ளைக்காரியைப் பற்றி நெடுநேரம் கொதித்தார்.

“தோலைப் பாத்தாள், கதவைச் சாத்தினாள், அண்ணை. படிச்சவன் எண்டும் பாக்கேல்லை.”

நாங்களும் அவருக்காக வருந்தினோம். அப்போது மகள் தோசையொன்றின்மீது பாகை ஊற்றி அவர்முன் வைத்தாள்.

“அங்கிள், இது எங்கடை மரத்திலை எடுத்தது.”

அவர் யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“சுண்ணாம்புத் தகரம் வேறை. என்ன அண்ணை, இவ்வளவு தூரம் வந்து பிள்ளையளுக்கு மரஞ் சீவப் பழக்கிறியளோ? ஊரிலை அதுக்கெண்டு ஆக்கள் இருக்கினமெல்லே.” தட்டை ஒரு விரலால் அப்பால் தள்ளினார். “எனக்கு வேண்டாம், பிள்ளை.”

எங்கள் ஊரில் மரஞ் சீவுவோர், அதாவது பனையேறிக் கள்ளிறக்குவோர், சாதியின் பெயரால் வீட்டுக்குள் விடப்படாமல் முற்றத்தோடு நிறுத்தப்பட்டவர்கள். அந்த வழக்கத்தை அவர் கடல் கடந்தும் கொண்டுவந்து, என் மேசையில், என் மகளின் தட்டின்மீது வைத்தார்.

“பியர் ஆர் வடிச்சதெண்டு கேட்டனியளோ, தம்பி?” என்றாள் மனைவி.

“அது பகிடிக்குச் சொன்னது, அக்கா.”

“அவள் பகிடிக்குக் காய்ச்சேல்லை.”

இத்தனை ஆண்டுகள் கழிந்தும் என் சினம் தணியவில்லை. தமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பைச் சொல்லி முடித்த வாய் மூடுமுன்னரே, அதே அவமதிப்பை ஒரு குழந்தைக்கு இழைக்க அந்தப் படித்த மனிதரால் முடிந்தது. தாம் செய்தது இன்னதென்று அவர் அறியவுமில்லை. சோறும் உண்டு, நன்றியும் சொல்லிப் போனார்.

மகள் தட்டை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். அவன் தட்டை நக்கும்வரை உண்டான். அவள் என்னிடம் வந்தாள்.

“அப்பா, மரத்திலை தண்ணி எடுக்கிறது கூடாத வேலையோ?”

“இல்லை. நல்ல வேலை” என்றேன்.

மறுநாள் தகரம் மரத்தில் இல்லை. துளையில் ஒரு குச்சி இறுக்கி அடைக்கப்பட்டிருந்தது. நானோ மனைவியோ மகனோ அதைச் செய்யவில்லை. மகளிடம் நாங்கள் கேட்கவுமில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் என் சொல்லை நம்பினாளா, அவருடைய சிரிப்பை நம்பினாளா என்பது எங்களுக்குத் தெரியாது.